அமிஷ் காதல் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமிஷ் காதல் நாவல் என்பது என்ன?

வீட்டுக்குப் பொது மின்கம்பி இணைப்பும் சொந்தக் காரும் வேண்டாமென்று விலக்கிவிட்டு, குதிரை வண்டியோடும் ஒரே மாதிரியான எளிய உடையோடும் வாழும் அமெரிக்க அமிஷ் கிறிஸ்தவர்களின் நடுவே நிகழும் காதல் கதை இது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் அமிஷ் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். வாங்கிப் படிப்பவர்களிலும் பெரும்பகுதியினர் சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்களே. வெள்ளைத் தலைக்கவிப்பு அணிந்த ஓர் இளம்பெண், அவளுக்குப் பின்னால் கோதுமை வயல், தொலைவில் ஒரு குதிரை வண்டி என்று அட்டைப் படத்தைப் பார்த்தவுடனேயே இன்ன வகை நூல் என்று அடையாளம் கண்டுவிடலாம். உள்ளே காதலர்கள் முத்தத்தைத் தாண்டிப் போவதில்லை, வசைச்சொல் இல்லை, இறுதியில் திருமணம் உண்டு. நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே நடப்பதற்கு இணையாக நாயகிக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பதும் கதையாக வளர்கிறது என்பதுதான் சாதாரணக் காதல் நாவலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் குணம்.

அமிஷ் மக்கள் யார்?

1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர், குழந்தைப் பருவத்தில் தமக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் போதாது, விவரம் அறிந்த வயதில் தானே விரும்பிப் பெறுவதே உண்மையான ஞானஸ்நானம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அரசும் திருச்சபையும் ஒன்றாக இருந்த காலத்தில் அது ராஜத்துரோகத்துக்குச் சமமாகக் கருதப்பட்டது. பலர் நீரில் மூழ்கடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் இறந்தார்கள். அந்த மறுஞானஸ்நான மரபுக்குள், சபை ஒழுங்கை மீறியவர்களை எவ்வளவு கடுமையாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதை முக்கியக் காரணமாகக் கொண்டு 1693இல் பிளவு ஏற்பட்டது. கடுமை வேண்டும் என்ற பக்கத்தின் தலைவர் யாக்கோப் அம்மான். அவர் பெயரிலிருந்தே அமிஷ் என்ற பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இவர்கள் மதச் சுதந்திரம் நாடிப் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசி அமிஷ் சபை 1937இல், அதே மறுஞானஸ்நான மரபின் மற்றொரு கிளையான மென்னோனைட் சபையோடு கலந்துவிட்டது.

இன்று வட அமெரிக்காவில் இவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரம், ஒஹாயோவின் ஹோம்ஸ் வட்டாரம், இண்டியானாவின் வடபகுதி ஆகியவை பெரிய குடியேற்றங்கள். வீட்டில் பென்சில்வேனியா டச்சு என்னும் ஜெர்மன் கிளைமொழி, வழிபாட்டில் பழைய ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்குள் வாழ்கிறார்கள். அமிஷ் அல்லாத எவரையும், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், ‘ஆங்கிலேயர்’ என்றே அழைப்பார்கள்.

இந்த வகை எழுத்து எப்போது தொடங்கியது?

அமிஷ் பெண்ணைக் கதைத்தலைவியாக்கிய நாவல் 1905லேயே வந்துவிட்டது. ஆனால் அக்கால நாவல்கள் இம்மக்களைப் பெரும்பாலும் முரட்டு நாட்டுப்புறத்தாராகவே காட்டின. அதற்கு மறுப்பாக, அமிஷ் குடும்பத்தில் பிறந்த ஜோசப் யோடர் 1940இல் தம் தாயின் வாழ்க்கையைக் கதையாக எழுதி வெளியிட்டார். அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஓர் அமிஷ் பெண்ணால் வளர்க்கப்பட்டவர் அந்தத் தாய்.

இன்றைய அலைக்குத் தொடக்கம் வேறு. 1979இல் ஜேனட் ஓக் எழுதிய மேற்குப் புல்வெளிக் காதல் கதை, கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் காதல் நாவலும் விற்கும் என்று பதிப்பாளர்களுக்குக் காட்டியது. ஓக்கின் கதையை அச்சிட்ட அதே பெத்தனி ஹவுஸ் பதிப்பகம் 1997இல் பெவர்லி லூயிஸ் எழுதிய நாவலை வெளியிட்டது; சபையால் ஒதுக்கப்படும் லங்காஸ்டர் பெண்ணின் கதையான அது 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. லூயிஸின் பாட்டி பழைய மரபு மென்னோனைட் சபையை விட்டு வெளியேறியவர் என்பதால், கதையின் வேர் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. அதன்பின் வாண்டா புருன்ஸ்டெட்டர், சிண்டி வுட்ஸ்மால் எனப் பலர் வந்தார்கள். 2012ஆம் ஆண்டில் மட்டும் 85 புதிய அமிஷ் காதல் நாவல்கள் வெளிவந்ததாக ஆய்வாளர் வாலரி வீவர் சர்ச்சர் கணக்கிட்டிருக்கிறார். அதாவது நான்கு நாளுக்கு ஒன்று.

அப்படி என்னதான் ஈர்ப்பு?

இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் விடை ‘எளிய வாழ்க்கை’ என்பது. அது பாதி விடைதான். வயலும் அடுமனையும் ஒட்டுப்போர்வையும் மட்டுமே ஈர்ப்பு என்றால், சமையல் புத்தகமோ சுற்றுலாக் கையேடோ அந்த வேலையைச் செய்துவிடும். முந்நூறு பக்க நாவல் தேவையில்லை. என் கணிப்பில், இந்நாவல்களின் உண்மையான பலம் அமிஷ் சபையின் ஒரு விதியில் இருக்கிறது.

அந்த விதி இது. அமிஷ் பிள்ளைகள் பிறப்பால் சபை உறுப்பினர் ஆவதில்லை. பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள், தாமே முன்வந்து, மண்டியிட்டு ஞானஸ்நானம் பெறும்போதுதான் உறுப்பினர் ஆகிறார்கள். அதற்கு முன் வெளியேறினால் பெற்றோர் வருந்துவார்கள், ஆனால் தண்டனை இல்லை. விருந்துக்கு வரலாம், அதே மேசையில் உட்காரலாம். ஞானஸ்நானம் பெற்றபின் வெளியேறினாலோ அது கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறித்த குற்றம். தண்டனை, ஒதுக்கிவைத்தல். கடுமையாகக் கடைப்பிடிக்கும் இடங்களில் உறவினர்கள் அவரோடு ஒரே மேசையில் உண்ணமாட்டார்கள், அவர் கையிலிருந்து ஒரு பொருளை நேராக வாங்கமாட்டார்கள். அமிஷ் சபையில் திருமணம் செய்துகொள்ள மணமக்கள் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பது இதோடு சேரும் இன்னொரு விதி.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலாசிரியருக்குக் கதைமுடிச்சு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நாயகி ஞானஸ்நானத்துக்கு முன் காதலித்தாளா, பின் காதலித்தாளா என்ற ஒரு தேதியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அவன் வெளியுலகத்தான் என்றால் அவள் தாயின் மேசையை இழக்க வேண்டும்; இல்லையேல் அவன் தன் மொழியையும் காரையும் கல்லூரியையும் இழந்து உள்ளே வர வேண்டும். இன்றைய நகர்ப்புறக் காதல் கதைகளில் இரண்டு பேர் சேர்வதற்கு நடுவே நிற்பது என்ன? ஒரு தவறான புரிதல், வேலை மாற்றம், பழைய காதலி. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும் தடைகள் இவை. அமிஷ் நாவலில் நிற்பது வாக்கு. அந்த வாக்கைக் கொடுத்தவள் அதை இன்னும் நம்புகிறாள் என்பதுதான் கதையின் வலி. ஊர் அவளைத் தடுக்கிறது என்பது மட்டும் அல்ல. வெறும் ஊர்க்கட்டுப்பாட்டுக் கதையாக இருந்தால் வாசகி ஓடிப்போகும் நாயகியின் பக்கம் நின்றிருப்பாள். இங்கே எந்தப் பக்கம் நிற்பது என்று அவளுக்கே தெரியாமல் போகிறது.

ரும்ஸ்பிரிங்கா என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஏறக்குறைய 16 வயதில் தொடங்கி ஞானஸ்நானம் வரை நீளும் இளமைப் பருவத்தின் பெயர். ‘சுற்றித் திரிதல்’ என்பது சொல்லின் பொருள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இதைக் குடியும் கும்மாளமுமாகச் சித்தரித்தாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஞாயிறு மாலைப் பாட்டுக் கூட்டத்துக்குப் போவதும், கூட்டம் முடிந்தபின் ஒரு பையன் தன் திறந்த வண்டியில் ஒரு பெண்ணை வீட்டில் கொண்டுபோய் விடுவதும்தான். அந்த வண்டிப் பயணம் இல்லாத அமிஷ் காதல் நாவலைக் காண்பது அரிது.

பாலுறவுச் சித்தரிப்பே இல்லாமல் காதல் நாவல் எப்படிச் சுவைக்கும்?

வீவர் சர்ச்சர் தம் 2013ஆம் ஆண்டு நூலில், எல்லாம் விரைவாகிவிட்ட நவீன வாழ்வின் களைப்பும், எங்கும் பாலுணர்வைப் பரப்பிவிட்ட பண்பாட்டின் மீதான சலிப்பும் இவ்வாசகிகளை இப்பக்கம் தள்ளியதாக வாதிடுகிறார். அது சரியே; தாயும் மகளும் பாட்டியும் ஒரே பிரதியைக் கைமாற்றிப் படிக்க முடிவதும், தேவாலய நூலகத்தில் அதைத் தயக்கமின்றி வைக்க முடிவதும் விற்பனையை வளர்த்தன. ஆனால் விலக்கு மட்டுமே சுவையாகிவிடாது. வண்டியில் ஏறும்போது நீட்டிய கையை அவள் பற்றிக்கொண்டாளா, தானே ஏறினாளா என்பது ஓர் அத்தியாயத்தின் நிகழ்ச்சியாக மாறும் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் நாவல் அடக்கி வைத்திருக்கிறது. சிறு குறிப்பில் பெரிய செய்தியைப் படிக்கும் இன்பத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. மோசமான நாவல்களில் இதே உத்தி, முந்நூறு பக்கமும் கன்னம் சிவந்துகொண்டே இருக்கும் நாயகியாகச் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதையில் வரும் இறைநம்பிக்கை, உண்மையான அமிஷ் நம்பிக்கைதானா?

முழுமையாக அல்ல. சாதாரண வாசகரின் கண்ணில் படாமல் போகும் இடமும் இதுதான்.

நாவலாசிரியர்களில் பெரும்பாலோர் சார்ந்திருக்கும் சுவிசேஷ மரபில் மையமானது தனிமனிதரின் மறுபிறப்பு: ஒருவர் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் இயேசுவைத் தம் மீட்பராக ஏற்கிறார், அன்றிலிருந்து தாம் மீட்கப்பட்டது உறுதி என்று சாட்சி சொல்கிறார். அமிஷ் மரபில் அப்படி உறுதியாகச் சொல்வதே தற்பெருமை. தீர்ப்பு கடவுளுடையது, மனிதருக்கு உரியது நம்பிக்கையோடு காத்திருப்பதும், பணிந்து நடப்பதும்தான். இந்தப் பணிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் கெலாசன்ஹைட். தன்னைக் கடவுளிடமும் சபையிடமும் ஒப்படைத்து அமைதல் என்று அதைச் சொல்லலாம். ஜெபமும் அவ்வாறே. அமிஷ் வீட்டில் உணவுக்கு முன்னும் பின்னும் மௌனமாகத் தலைகுனிவார்கள், அல்லது மரபாக வந்த ஜெபநூலிலிருந்து படிப்பார்கள். மனத்தில் தோன்றியதைச் சரளமாகக் கடவுளிடம் பேசுவது அவர்களிடம் பரவலான வழக்கம் அல்ல.

நாவலின் நாயகியோ மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டே கடவுளிடம் நெருங்கிய தோழியைப் போலப் பேசுகிறாள். கதையின் உச்சத்தில், சபை விதிகளின் சுமையைவிடக் கிறிஸ்துவோடு தனக்குள்ள தனிப்பட்ட உறவே பெரிது என்று கண்டுகொள்கிறாள். அவள் தலையில் இருப்பது அமிஷ் தலைக்கவிப்பு. நெஞ்சில் இருப்பது சுவிசேஷ சபையின் பிரசங்கம். வாசகி தன்னுடைய நம்பிக்கையையே, தனக்குக் கிட்டாத ஓர் உடையிலும் நிலத்திலும் வைத்துப் பார்க்கிறாள். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். சரித்திர நாவல்கள் எல்லாமே ஓரளவு செய்வது இது. ஆனால் ஒரு சமூகத்தின் புறத்தை எடுத்துக்கொண்டு அதன் அகத்தை மாற்றி எழுதுவதில் ஒரு சிறு அநீதி இருக்கிறது. அதைக் கவனமாகத் தவிர்த்த, சபைக்குப் பணிவதையே நாயகியின் ஆன்மிக வெற்றியாகக் காட்டும் நாவல்களும் உண்டு. அவற்றின் அமைதி வேறு தரம்.

மன்னிப்பு ஏன் இவ்வளவு முக்கியமான கருப்பொருளாக இருக்கிறது?

2006 அக்டோபர் 2 அன்று, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓர் அமிஷ் பள்ளிக்குள் நுழைந்த வெளியாள் 10 சிறுமிகளைச் சுட்டான். அவர்களில் 5 பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தான். சில மணி நேரத்துக்குள் அமிஷ் அண்டை வீட்டார் அவன் குடும்பத்தைத் தேடிச் சென்று மன்னிப்பைத் தெரிவித்தார்கள். அவன் அடக்கத்துக்கும் சென்று நின்றார்கள். இச்செய்தி உலகெங்கும் பரவியபோது, அதுவரை சுற்றுலாக் காட்சியாக இருந்த அமிஷ் மக்கள் பலருக்கு அறநெறி வியப்பாக மாறினார்கள். நாவல்களில் மன்னிப்பு ஏற்கெனவே இருந்தது; அதன் பிறகு வாசகர் அதை நம்பிப் படித்தார்கள்.

பிறிதொரு பக்கமும் உண்டு. மன்னிப்பதைக் கடமையாக்கிய சமூகத்தில், குற்றம் செய்தவன் சபைக்கு முன் மண்டியிட்டு ஒப்புக்கொண்டதும் விவகாரம் முடிந்ததாகக் கருதப்பட்டு, பாதிக்கப்பட்ட பெண்கள் வாயடைக்கப்பட்டதும் நடந்திருக்கிறது; பாலியல் வன்முறை வழக்குகள் நீதிமன்றம் வரை வந்திருக்கின்றன. காதல் நாவல்கள் இதைத் தொடுவது குறைவு. தொட்டாலும் கடைசி அத்தியாயத்துக்குள் ஆற்றிவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது.

நாவல்கள் காட்டும் அன்றாட வாழ்க்கை எவ்வளவு சரியானது?

தையல், சமையல், வழிபாடு ஆகியவற்றில் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் கூடுவது, 16ஆம் நூற்றாண்டுப் பாட்டுப் புத்தகத்திலிருந்து மிக மெதுவாகப் பாடுவது, பாட்டுப் புத்தகங்களில் ஒன்றுக்குள் சீட்டை மறைத்து வைத்து, அதை எடுத்தவரை ஆயுள் முழுவதும் சம்பளமின்றிப் போதகராக இருக்கச் செய்வது ஆகியவை எல்லாம் உண்மையே. அந்தச் சீட்டு தன் கணவன் கைக்கு வந்துவிடக் கூடாதே என்று அஞ்சும் மனைவியின் காட்சி, இவ்வகை நாவல்கள் தரக்கூடிய மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று.

பிசகுவது தொழிலில். நாவலின் அமிஷ் ஆண் ஏறத்தாழ எப்போதும் விவசாயி. நிலத்தின் விலை ஏறி, குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள் பிறக்கும்போது எல்லோருக்கும் நிலம் ஏது? பெரிய குடியேற்றங்களில் இன்று பெரும்பாலோர் தச்சுப் பட்டறை, கட்டட வேலை, சிறுதொழில் ஆகியவற்றை நம்பியே வாழ்கிறார்கள். தொழில்நுட்பத்தை அவர்கள் ஒட்டுமொத்தமாக மறுப்பதும் இல்லை. வீட்டுக்குள் தொலைபேசி கூடாது, ஆனால் தெருமுனையில் ஒரு சிறு கொட்டகையில் வைக்கலாம். பொது மின்கம்பி கூடாது, ஆனால் பட்டறையில் டீசல் எந்திரத்தால் காற்றழுத்தக் கருவிகளை இயக்கலாம். இப்படி ஒவ்வொரு சபையும் தன் ஆர்ட்னுங் என்னும் எழுதாச் சட்டத்தில் நுட்பமாகப் பேசி முடிவு செய்கிறது. குடும்பத்தைச் சிதறச் செய்யுமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. நாவலில் இந்தப் பேரப்பேச்சு மறைந்து, காலம் உறைந்த ஒரு கிராமமே மிஞ்சுகிறது.

கல்வியையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்துகிறார்கள். அதற்கான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் மதச் சுதந்திரத்தின் பெயரால் உறுதி செய்தது. ஆசைப்பட்டும் மருத்துவராக முடியாத பெண் நாவலில் அபூர்வமாகவே வருகிறாள். வரும்போதெல்லாம் அவள் மருத்துவச்சியாகி நிறைவு காண்கிறாள்.

அமிஷ் மக்களே இவற்றைப் படிக்கிறார்களா?

சிலர் படிக்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், சிலருக்குத் தம் வாழ்வை வைத்துப் பிறர் காசு பார்ப்பது பிடிக்கவில்லை. அமிஷ் சபைக்குள் இருந்துகொண்டே நாவல் எழுதும் லிண்டா பைலர் போன்றவர்களும் இருக்கிறார்கள். அவர் எழுத்தில் வரும் அடுப்படிச் சண்டைகளிலும் எடையைப் பற்றிய கவலையிலும் உள்ள உயிர்ப்பு, அட்டைப்படத்து நாயகிகளிடம் கிடைக்காது.

காதல் தவிர வேறு வகைகள் உண்டா?

உண்டு: அமிஷ் துப்பறியும் கதைகள், கிறிஸ்துமஸ் குறுநாவல்கள், பிள்ளைகளோடு தனித்துவிட்ட மனைவியிழந்தவரை மணக்கும் கதைகள், ஏன், ரத்தக்காட்டேரி வரும் அமிஷ் கதைகள்கூட. கடைசியில் சொன்னதைப் பற்றி நான் மேலும் எழுதப்போவதில்லை.

எல்லா நாவல்களும் ஏன் திருமணத்திலேயே முடிகின்றன?

விற்பனை விதி ஒரு காரணம். மங்கல முடிவு இல்லையென்றால் இவ்வகை வாசகி அடுத்த நூலை வாங்கமாட்டாள். லங்காஸ்டர் வட்டாரத் திருமணமே எழுத்தாளருக்கு அவ்வளவு வளமான காட்சி என்பது மற்றொரு காரணம். அறுவடை முடிந்த பிறகு, பெரும்பாலும் செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில், பெண் வீட்டில் முந்நூறு நானூறு பேருக்குச் சமைத்துத் திருமணம் நடக்கும். விருந்தில் செலரிக் கீரைத்தண்டு கட்டாயம் என்பதால், ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது வழக்கத்துக்கு மேல் பயிரிடப்பட்டிருந்தால் அவ்வீட்டில் கல்யாணம் என்று ஊர் ஊகித்துவிடும். மோதிரம் இல்லை, மலர்க்கொத்து இல்லை, முத்தமும் இல்லை. மணமகன் அன்றிலிருந்து தாடி வளர்க்கத் தொடங்குவான். மணமகள் தானே தைத்த நீல உடையின் மேல் வெள்ளை ஏப்ரன் துணி அணிந்திருப்பாள். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. பல அமிஷ் குடும்பங்களில் அவள் அந்த வெள்ளைத் துணியை அதன்பின் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். அடுத்த முறை அதை அவளுக்கு அணிவிப்பது அவள் அடக்கத்தின் அன்று.